முந்தானையில் முடிந்து வைத்த மலைப் பயணம்!

இந்தப் பக்கத்தில் வரும் வற்றல் குழம்பு பக்குவத்திலிருந்து நாத்தனார் சண்டை வரை ஒன்று விடாமல் படிக்கிறவள் நான். எழுத வேண்டும் என்று எத்தனையோ முறை பேனாவை எடுத்து, குக்கர் விசில் அடித்ததும் வைத்துவிட்டு எழுந்திருக்கிறேன். இந்த முறை எழுதியே தீருவது என்று உட்கார்ந்து விட்டேன். காரணம், 2025 அக்டோபரில் எங்கள் குடும்பம் முதன் முதலாக ஒரு பயணம் போய் வந்தது. கோயில் இல்லாத, கல்யாணம் இல்லாத, சாவு இல்லாத பயணம்!

சிரிக்காதீர்கள். உங்களில் எத்தனை பேர் அப்படிப் போயிருக்கிறீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எனக்குக் கல்யாணமாகி பதினாறு வருஷம். திருப்பதி போயிருக்கிறேன், சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு ஆறு வாரம் தொடர்ந்து போயிருக்கிறேன், பொன்னேரியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்குக் கணக்கே இல்லை. சும்மா ஊர் பார்க்க என்று பெட்டி கட்டியது கிடையாது. என் கணவர் சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் பதினான்கு வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளி. மூன்று ஷிப்ட். அடுத்த வருஷம் போலாம் என்று அவர் சொல்வார், நானும் சரி என்பேன். அது எங்களுக்குள் ஒரு பேச்சு வழக்கு மாதிரி ஆகிவிட்டது.

இதை மாற்றியது என் பெரிய மகளின் கட்டுரை நோட்டு. 2024 ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் ‘நான் சென்ற சுற்றுலா’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். எட்டாவது படித்துக் கொண்டிருந்தாள். அட்டை போடுவதற்காக நோட்டை எடுத்தவள் புரட்டிப் பார்த்தேன். ஊட்டி பொம்மை ரயில், பூங்கா, படகு என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள். ‘அம்மா எனக்குக் கேரட் வாங்கித் தந்தார், அப்பாவுக்குக் குளிர் தாங்கவில்லை’ என்று கூட இருந்தது. கீழே சிவப்பு மையில் ‘மிக நன்று’.

“ஏண்டி, நாம எப்பம்மா ஊட்டி போனோம்?” என்றேன்.

“எல்லாரும் எழுதினாங்கம்மா. நான் மட்டும் எங்கேயும் போகலைன்னு எழுத முடியுமா?”

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பொய்யில் எங்கள் எல்லோரையும் அல்லவா கூட்டிக் கொண்டு போயிருக்கிறாள்! பாட்டிக்குக் கூட ஒரு வரி இருந்தது, கம்பளிக் குல்லா போட்டு.

அன்றைக்கு ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். 2023 செப்டம்பரிலிருந்து என் கணக்கில் மாதம் ஆயிரமாக வந்து கொண்டிருந்த மகளிர் உரிமைத் தொகையை அதுவரை பால், காஸ் என்று செலவழித்து வந்தேன். அதில் ஐந்நூறு பாட்டிலுக்கு. புடவைக்கு ஃபால்ஸ் அடித்து, பிளவுஸ் தைத்து வருவதில் முடிந்த அளவு. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய பிறகு அம்மா கற்றுக் கொள்ளச் சொன்ன தையல், இத்தனை வருஷம் கழித்துக் கை கொடுத்தது. 2025 ஏப்ரலில் எண்ணிப் பார்த்தால் பதினோராயிரத்துச் சொச்சம்!

இங்கேதான் நான் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்தேன். இந்தக் கடிதத்தை எழுதுவதே முக்கியமாக இதைச் சொல்லத்தான்.

செல்போனில் ஒரு வீடியோ. அடர்ந்த காடு, நடுவில் மரத்தாலேயே கட்டின குட்டி வீடு, வாசலில் பனி. ‘குடும்பத்துக்கு ஒரு நாள் 1,500 மட்டுமே, மூன்று வேளை சாப்பாடு இலவசம்’. கீழே நம்பர். பேசியவர் “சொல்லுங்க சிஸ்டர்” என்று அவ்வளவு மரியாதை. மே மாதம் கூட்டம் என்பதால் இரண்டு நாள் வாடகையை இன்றே போட்டால்தான் இடம் என்றார். மூவாயிரம் ரூபாயை என் கணக்கிலிருந்து போனிலேயே அனுப்பிவிட்டேன். ரசீது என்று ஒரு படம் வந்தது, யானை போட்டு. ஒன்பது நாள் கழித்து, பாட்டிக்குக் கட்டில் இருக்குமா என்று கேட்கக் கூப்பிட்டால் அந்த எண் உபயோகத்தில் இல்லை. வீடியோவும் காணோம்.

அன்று மதியம் சமையலறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மூவாயிரம் என்றால் அறுபது புடவைக்கு ஃபால்ஸ். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. எங்கள் சுய உதவிக் குழுத் தோழி ஒருத்தியிடம் மட்டும் சொல்லி அழுதேன். அவள் மகன்தான் 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் பதிவு செய்து கொடுத்தான். சைபர் குற்றங்களுக்கென்றே இருக்கும் எண். “ஆன்ட்டி, பணம் போன உடனே இதுக்குப் பேசியிருந்தா அந்தக் கணக்கை முடக்கப் பார்த்திருப்பாங்க, நீங்க ஒன்பது நாள் விட்டுட்டீங்களே” என்றான். தோழியரே, இந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள். வெட்கப்பட்டுக் கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள், நான் உட்கார்ந்திருந்த மாதிரி. எனக்கு அந்தப் பணம் திரும்பி வரவில்லை.

மே மாதம் போய்விட்டது. ராத்திரி பதினோரு மணி, பன்னிரண்டு மணி வரை மெஷினில் உட்கார்ந்தேன். கண் எரியும். “இன்னாம்மா, இவ்ளோ நேரம் டபடபன்னு” என்று மாமியார் திண்ணையிலிருந்து குரல் கொடுப்பார். ஆடி மாசம், நிறைய துணி என்று சமாளித்தேன்.

இந்த முறை வீடியோவைத் தொடவில்லை. நிதானமாக விசாரித்தேன். ஊட்டி என்றால் மகளின் கட்டுரை உண்மையாகும்தான். ஆனால் விடுமுறை நாளில் அங்கே தங்குகிற செலவைக் கேட்டதும் தலை சுற்றியது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று 2024 மே 7 முதல் கொண்டு வந்து விட்டார்களே, அத்தனை கூட்டம். ஏலகிரி நமக்குப் பக்கம், ஜோலார்பேட்டையில் இறங்கினால் போதும், பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஆனால் நாங்கள் தேடியது காடு. கொல்லிமலை என்று என் தம்பி சொன்னான். அங்கே 70 வளைவு! பஸ்ஸில் பெரியபாளையம் போவதற்கே எலுமிச்சம்பழம் முகரும் என் மாமியாரை வைத்துக் கொண்டு எழுபது வளைவா?

அமெரிக்காவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா இதைக் கேட்டுச் சிரித்தாள். அங்கே அவர்கள் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஒரு பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக் கொண்டு காட்டோரம் போய் நிறுத்திவிடுவார்களாம். விசாரித்தால் நம் பக்கத்திலும் வந்திருக்கிறது. கேரள அரசு 2021-ல் அப்படிக் கேரவன் சுற்றுலா என்று அறிவித்து, வாகமன் மலையில் 2022-ல் அதற்கென்று ஒரு பூங்காவே திறந்தார்கள். வாடகையைக் கேட்டேன். கேட்டதோடு சரி. வீட்டு வேலையை விட்டுத் தப்பிக்கப் போகிற இடத்துக்கு அடுப்பையும் கூடவே இழுத்துக் கொண்டு போவானேன் என்று சமாதானம் சொல்லிக் கொண்டேன்!

கடைசியில் டாப்சிலிப் என்று முடிவு செய்தேன். பொள்ளாச்சியிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும், ஆனைமலைக் காடு. 2007-ல் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். ஊட்டி உயரத்தில் பாதி கூடக் கிடையாது, அதனால் எலும்பைக் குத்தும் குளிர் இல்லை. மூச்சிரைப்பு உள்ள மாமியாருக்கு அது முக்கியம். எல்லாவற்றையும் விட, தங்கும் அறைகள் வனத்துறையே நடத்துபவை. புலிகள் காப்பகத்தின் இணையதளத்திலேயே பணம் கட்டிப் பதிவு செய்யலாம். அரசாங்கத்து இடம், ஓடிப் போக முடியாது பாருங்கள்!

இன்னொன்றும் தெரிந்து கொண்டேன். காட்டுக்குள் யார் கட்டிடம் கட்டினாலும் அது விடுதி ஆகிவிடாது. மசினகுடிப் பக்கம் யானைகள் போகிற வழியில் தனியார் விடுதிகள் கட்டி, கோர்ட்டுக்குப் போய், யானை வழித்தடம் என்று அரசு அறிவித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றமே 2020 அக்டோபரில் தீர்ப்பு சொன்னது. நான் ஏமாந்த மரவீடு உண்மையாகவே எங்காவது இருந்திருந்தாலும், அது யானையின் வாசற்படியில் இருந்திருக்கலாம். யார் கண்டது?

எந்த மாதம் போவது என்பதும் கேள்வி. பிப்ரவரிக்கு மேல் காடு காய்ந்து கிடக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீ பிடித்து, நடைப்பயணம் போனவர்களில் 23 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதில் பெண்கள் எத்தனை பேர்! கோடையில் காட்டுக்குள் போக வேண்டாம் என்று அப்போதே மனசில் பதிந்துவிட்டது. எனவே காலாண்டு விடுமுறை. அதிலும் ஆயுத பூஜைக்கு ஆலையில் பூஜை போட்டு விடுமுறை விடுவார்கள். 2025-ல் அக்டோபர் 1 புதன்கிழமை ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் ஒரே நாளில். வெள்ளி, சனி இரண்டு நாள் மட்டும் லீவு போட்டால் போதும். புதன் ராத்திரி கிளம்பி, வியாழனும் வெள்ளியும் தங்கி, சனி ராத்திரி ரயிலேறினால் ஞாயிறு காலை வீடு. திங்கள் பள்ளிக்கூடம். காலண்டரில் சுழித்துப் பார்த்தபோது எனக்கே என்னைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

ரயில் டிக்கெட் முன்பெல்லாம் 120 நாள் முன்னாடியே எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்தான். விரல் விட்டு எண்ணினால் ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, காலை 8 மணி. சென்னை சென்ட்ரலிலிருந்து திண்டுக்கல், பழனி வழியாகப் பொள்ளாச்சி போகும் பாலக்காடு எக்ஸ்பிரஸ். நம் ரயில் நிலைய கவுன்ட்டரில் ஏழு மணிக்கே போய் நின்றேன். எனக்கு முன்னால் மூன்றே பேர். ஐந்து பேருக்கும் படுக்கை கிடைத்தது, மாமியாருக்குக் கீழ் படுக்கை. முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டதால் பாட்டிக்கும் முழு டிக்கெட்தான். அது கொஞ்சம் கடித்தது. அறைகளை எனக்கு ஆன்லைனில் எதுவும் செய்யக் கை நடுங்கியதால், குழுத் தோழியின் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு பதிவு செய்தேன். அரசு முத்திரையோடு ரசீது வந்த பிறகும், இரண்டு நாள் கழித்து அலுவலக எண்ணுக்குப் பேசி “எங்க பேரு இருக்குங்களா?” என்று உறுதி செய்து கொண்டேன். அந்தப் பக்கம் பேசியவர் “இருக்கும்மா, இருக்கும்மா” என்றார் பொறுமையாக. சூடு கண்ட பூனை நான்.

மாமியாரைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு. “காட்டுல இன்னா கீது? மரம் கீது. அத்தப் பாக்க ரயிலேறிப் போவணுமா? நான் வரலை. மாட்டை யாரு பாக்கறது?” என்றார். ரயில் என்றாலே அவருக்குப் பயம். 2024 அக்டோபர் 11 ராத்திரி நம் கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியதே, அந்தச் சத்தத்தைப் பற்றி ஒரு மாசம் பேசிக் கொண்டிருந்தோம். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. “அத்தை, நீங்க வரலைன்னா நாங்களும் போகலை” என்று சொல்லிவிட்டேன். மாட்டை எதிர்வீட்டு அண்ணி பார்த்துக் கொள்வதாக ஒப்புக் கொண்டார், மூன்று நாள் பால் அவருக்கே என்ற ஒப்பந்தத்தில்.

எல்லாம் முடிந்தது என்று இருந்தால், பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் என் கணவர் சோறு பிசைந்து கொண்டே மெல்ல ஆரம்பித்தார். “பூஜை முடிஞ்சு நாலு நாள் ஷட்டவுன் வேலை வச்சிருக்காங்க. உலையைப் பிரிச்சுக் கட்டறாங்க. ரெட்டைச் சம்பளம்ன்றான் கான்ட்ராக்டர். டிக்கெட்டைக் கேன்சல் பண்ணா எவ்ளோ பிடிப்பாங்க?”

எனக்கு என்ன வந்ததோ! தட்டில் ரசம் ஊற்றிக் கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கட்டுரை நோட்டு, ஹார்லிக்ஸ் பாட்டில், மரவீடு, மூவாயிரம் போனது எல்லாம். பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பணம் போனதுக்குத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை, கோபம் வந்தால் மட்டும் பேசுவார். ரொம்ப நேரம் தட்டையே பார்த்துக் கொண்டிருந்தார்.

“அந்த மூணாயிரத்தைச் சேர்க்கத்தான் பன்னெண்டு மணி வரைக்கும் தைச்சியா?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் கை கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே, “லீவு சொல்லிட்டேன். சம்பளம் கிடையாது, லீவு மட்டும்தான்” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

என்ன எடுத்துப் போவது என்று சில விஷயங்கள் சொல்கிறேன், உதவியாக இருக்கும். புலிகள் காப்பகத்தில் பிளாஸ்டிக் கூடாது. அதனால் தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்கள், தின்பண்டத்துக்கு டிபன் கேரியர், துணிப்பைகள். பிஸ்கட்டைக் கூட உறையிலிருந்து எடுத்து டப்பாவில் அடைத்தேன். ராத்திரிக்கு மிளகாய்ப்பொடி தடவின இட்லி, மறுநாளைக்குப் புளியோதரை, கூடவே மாமியாருக்கு அவல் பொரி. அடுப்பு, தீப்பெட்டி வேலையெல்லாம் காட்டில் ஆகாது. அங்கே சின்ன கேண்டீன் உண்டு, முன்கூட்டிச் சொன்னால் சாப்பாடு கிடைக்கும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் துணிகளைத் தவிர்த்து மங்கின நிறத்தில் எடுத்து வைத்தேன். சென்ட், மல்லிகைப்பூ வேண்டாம் என்றார்கள். பூ இல்லாமல் எப்படி என்று எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. மழை ஓய்ந்த காலம், அட்டை இருக்கும். ஒரு முடிச்சு உப்பு. எல்லோருடைய ஆதார் அட்டை. டார்ச் லைட். மாமியாருடைய இன்ஹேலர் இரண்டு, ஒன்று என் பையிலும் ஒன்று மகள் பையிலும். காட்டுக்குள் செல்போன் டவர் சரியாகக் கிடைக்காது, ஆகவே எதிர்வீட்டு அண்ணியிடம் வனத்துறை அலுவலக எண்ணை எழுதிக் கொடுத்து விட்டேன். பெரியவளின் தேதியையும் கணக்குப் பார்த்துத் தேவையானதை அடியில் வைத்தேன். பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

பூஜை அன்று ஒரு கூத்து. என் கணவர் தன் ஸ்பேனர்களை வைத்தார், பிள்ளைகள் புத்தகங்களை வைத்தார்கள், என் தையல் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் ஆனது. மாமியார் ஆசையாக ரயில் டிக்கெட்டையும் எடுத்துச் சரஸ்வதி படத்தின் காலடியில் வைத்துவிட்டார். மாலை ஐந்து மணிக்குக் கேட்டால், “பூஜையில வச்சத நாளிக்கிதான் எடுக்கணும்” என்கிறார்! கவுன்ட்டரில் எடுத்த டிக்கெட் அது, போனில் வந்த செய்தியைக் காட்டி ஏற முடியாது. கடைசியில் மறுபடியும் ஒரு சூடம் ஏற்றி, “தாயே, பொறுத்துக்கோ” என்று அவரே எடுத்துக் கொடுத்தார். நம் ஊர் லோக்கல் ரயிலில் மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு சென்ட்ரல் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது.

பொள்ளாச்சியில் விடியற்காலை. டாப்சிலிப்புக்குப் பஸ் உண்டு, ஆனால் நாளைக்குச் சில தடவைதான். நேரம் ஒத்து வராமல் வாடகை வேன் பிடித்தோம். என் திட்டத்தில் நான் கோட்டை விட்ட இடம் அதுதான், பஸ் நேரத்தை முன்பே விசாரித்து இருக்க வேண்டும். சேத்துமடை சோதனைச் சாவடியில் பைகளைப் பார்த்தார்கள். சின்னவன் எனக்குத் தெரியாமல் வைத்திருந்த ஒரு பிளாஸ்டிக் ஜூஸ் பாட்டில் அங்கே மாட்டியது!

மேலே போகப் போக இரண்டு பக்கமும் தேக்கு. எங்கள் வழிகாட்டியாக வந்த மலசர் இனத்து அண்ணன் ஊரின் பெயருக்குக் கதை சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் கட்டவும் ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை போடவும் இங்கே தேக்கை வெட்டி, மலை உச்சியிலிருந்து சறுக்கி விடுவார்களாம். அதனால்தான் டாப்சிலிப். வெட்டி வெட்டி மலை மொட்டையாகிப் போன பிறகு வந்தவர் ஹியூகோ வுட் என்ற வனத்துறை அதிகாரி. சட்டைப் பையில் தேக்கு விதையைப் போட்டுக் கொண்டு, நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணில் குத்தி ஒவ்வொன்றாகப் போட்டுக் கொண்டே போவாராம். 1933-ல் இறந்தார், அவர் விருப்பப்படியே அந்தத் தேக்கு மரங்களுக்கு நடுவில் புதைத்திருக்கிறார்கள். கல்லறையைப் பார்த்தோம். என் மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். “நாத்து நட்டவன்தானே இவனும்” என்றார்.

கோழிகமுத்தி யானை முகாமில் யானைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதைப் பார்த்தது எல்லாவற்றிலும் மேல். கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து, வெல்லம், உப்பு சேர்த்துப் பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து வாயில் ஊட்டுகிறார்கள். “ஐயே, நம்ம ஊட்டு கேவுரு களி!” என்று மாமியார் கத்தியதில் பாகன்களே சிரித்துவிட்டார்கள். கலீம் என்ற கும்கி யானை எத்தனையோ காட்டு யானைகளைப் பிடிக்க உதவியதாம். 60 வயதானதும் 2023 மார்ச்சில் அதற்கு வனத்துறை மரியாதை அணிவகுப்போடு ஓய்வு கொடுத்தார்கள். இதைக் கேட்டதும் என் கணவர், “யானைக்கு ரிட்டயர்மென்ட் இருக்குது பாரு” என்றார். சிரித்துக் கொண்டுதான் சொன்னார்.

அறை எளிமையானதுதான். கட்டில், மின்விசிறி, சுத்தமான கழிப்பறை. மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே நடக்கக் கூடாது. வாசலுக்கு முன்னால் புல்வெளியில் புள்ளிமான்கள் ஆட்டு மந்தை மாதிரி மேய்கின்றன. காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு போனது. முதல் நாள் ராத்திரி கண் விழித்துப் பார்த்தால் என் கணவரைக் காணோம். கதவைத் திறந்தால் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். “தூக்கம் வரலை. சத்தமே இல்லை பாரு, காது என்னமோ அடைச்சாப்பல கீது” என்றார். பதினான்கு வருஷம் உலைக்கும் மெஷினுக்கும் பக்கத்தில் இருந்த காது! நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கோ ஒரு மான் கூவியது. என்ன பேசினோம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மாட்டுத் தவிடு விலை, சின்னவனுடைய கணக்கு மார்க். ஆனால் எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் ஒன்று அவர் ஷிப்டில் இருப்பார், இல்லை நான் மெஷினில் இருப்பேன். இரண்டாம் நாள் ராத்திரி எட்டரைக்குப் படுத்தவர் காலை ஏழுக்குத்தான் எழுந்தார்.

மாமியார் அந்த இரண்டு ராத்திரியும் இன்ஹேலரைக் கேட்கவில்லை. மருந்தை நிறுத்திவிடலாம் என்று யாரும் எண்ணிவிடாதீர்கள், ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாளே மறுபடியும் தேவைப்பட்டது.

மொத்தச் செலவு, வேன் வாடகை இரண்டு முறை சேர்த்து, பதினெட்டாயிரத்து நானூறு. பாட்டிலில் இருந்தது பதினைந்து. மிச்சத்தை என் கணவர் போட்டார். ரெட்டைச் சம்பளம் போனதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறான் என் தம்பி. சேர்க்கட்டும்.

பெரியவள் இன்னும் எதுவும் எழுதவில்லை. கேட்டால், “இந்த வருஷம் டீச்சர் அந்தத் தலைப்பே கொடுக்கலைம்மா” என்கிறாள். அவசரமில்லை.

ஒரே ஒரு நஷ்டம் உண்டு. கிளம்புகிற அவசரத்தில் டிபன் கேரியரின் நடு அடுக்கை அறையின் ஜன்னலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் கல்யாணச் சீரில் வந்தது, பெயர் வெட்டியது. அலுவலகத்துக்குப் பேசினேன், எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். “அப்போ போய்த்தான் வாங்கியாரணும்” என்கிறார் என் மாமியார், இதுவரை நாலு தடவை சொல்லிவிட்டார்.

– ஒரு வாசகி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மாவட்டம்.